கேஸ்காரனுக்கு ஒரு வூடு

சிலிண்டர் போடற வேலையில ஒரு மரியாதை உண்டுங்க: புது மாப்பிள்ளையைக்கூட முன்னாடி ரூம்லதான் உக்கார வெப்பாங்க, நம்மளை மட்டும் நேரா அடுப்படிக்கு வாங்கன்னு கூப்பிடுவாங்க.

நான் தங்கராசு. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு. இப்ப பெரம்பலூர்ல ஒரு கேஸ் ஏஜென்சியில டெலிவரி. அதுக்கு முன்னாடி ரெண்டரை வருஷம் திருச்சியில இருந்தேன். திருச்சியில எங்கன்னு நான் சொல்லாமலே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஒரு அடிதடி கேஸு. பொய்க் கேஸுன்னு நான் சொல்ல மாட்டேன். அடிச்சது நான்தான், அந்த ஆளுக்குக் கை ஒடிஞ்சது என்னாலதான். மூணு வருஷம் போட்டாங்க, ஒழுங்கா இருக்கான்னு ரெண்டரையில விட்டாங்க. வெளியில வந்தா எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைச்சேன் பாருங்க, அங்கதான் ஏமாந்தேன்.

என் வீட்டுக்காரி கலைச்செல்வி, மக யாழினியோட ஜெயங்கொண்டத்துல அவ அம்மா வூட்டுல இருந்தா. நான் வந்ததும் ஒரே ஒரு கண்டிஷன் போட்டா. "ஊர்ப் பக்கம் போக வேணாம். பெரம்பலூர்ல ஒரு வேலையும் ஒரு வூடும் பாருங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள பாத்துட்டீங்கன்னா நாங்க வந்துடறோம். இல்லன்னா பாப்பாவை இங்கயே ஆறாவது சேத்துடுவேன். மாசத்துக்கு ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க." மாசத்துக்கு ஒருக்கா பாக்கறதுங்கறது நான் உள்ள இருந்தப்ப இருந்த முறை. வெளியில வந்தும் அதேதானா? என்னை மாதிரி உள்ள போயிட்டு வந்து வூடு தேடி, வேலை தேடி, செருப்பு தேஞ்சவங்க இதைப் படிச்சா தலையாட்டுவீங்க. மத்தவங்க சிரிச்சுட்டுப் போங்க.

அஞ்சு வருஷம் ஓடுன கேஸு

மொத மொதல்ல பாத்த வூடு ஒரு சந்துக்குள்ள. எனக்கு இன்னும் வேலை கிடைக்காத நேரம். அந்த வூட்டம்மா நல்ல மாதிரி, போன உடனே மோர் குடுத்தாங்க. எத்தனை பேரு, என்ன ஆளுங்க, கவிச்சி சமைப்பீங்களா, எல்லாம் விசாரிச்சாங்க. நான் ஒரு முடிவோட போயிருந்தேன், கேட்டா மறைக்கக் கூடாதுன்னு. கடைசியா அவங்க, "அப்பறம், கேஸு இருக்காப்பா?"ன்னாங்க. யாரோ முன்னாடியே போட்டுக் குடுத்துட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன்.

"இருந்துச்சும்மா. முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா? எத்தனை நாள் ஓடுச்சு?"

"அஞ்சு வருஷம் ஓடுச்சும்மா."

அந்தம்மா வாய் மேல கை வெச்சாங்க. "அஞ்சு வருஷமா? ஒரே கேஸா?"

"ஒரே கேஸுதாம்மா."

"பரவால்லயே, சிக்கனமான குடும்பம். யாரு பேருல?"

"என் பேருலதாம்மா. மொதல்ல என் தம்பி பேரையும் சேத்திருந்தாங்க, அப்பறம் எடுத்துட்டாங்க."

"உங்க பக்கம் புக் பண்ணா சீக்கிரம் வந்துடுவாங்களா?"

"புக் பண்ண அன்னிக்கே வந்துட்டாங்கம்மா. ஜீப்புல."

"ஜீப்புலயா? எங்களுக்கு ஆட்டோவுலதானே வருது" அப்படின்னு அவங்க யோசிக்க, நான் பெரிய மனுஷனாட்டம், "கடைசியா அரியலூர் கோர்ட்டுல முடிச்சு விட்டாங்கம்மா"ன்னு சொல்லி முடிச்சேன். கோர்ட்டுங்கற வார்த்தையைக் கேட்டதும் அந்தம்மா என் கையில இருந்த மோர் டம்ளரை மெதுவா வாங்கி உள்ள கொண்டு போய் வெச்சாங்க. பாதி மோர் அப்படியே இருந்துச்சு. வெளியில வந்து அவங்க சொன்னது: "அஞ்சு வருஷம்னு நீ சொன்னப்பவே எனக்கு சந்தேகம்தான்ப்பா. எங்க வூட்டுல கேஸு நாப்பது நாளைக்கு மேல ஓடுனதே இல்ல."

வீட்டுக்காரி பேருல ஒண்ணு

வேலை தேடுன கதை தனி. செக்யூரிட்டி வேலைக்குப் போனேன். "பன்னண்டு மணி நேரம் பூட்டுன கேட்டுக்குள்ளயே இருக்கணும், முடியுமா?"ன்னு கேட்டாரு. "அதெல்லாம் நல்லாப் பழக்கம் சார்"னேன். எப்படிப் பழக்கம்னு கேட்டாரு, சொன்னேன், கேட்டுக்கு வெளியில விட்டுட்டாரு. ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவரா கேட்டேன், ஒரு ஜவுளிக்கடையில மூட்டை தூக்கக் கேட்டேன். எல்லா எடத்துலயும் ரெண்டரை வருஷம் எங்க இருந்தன்னு கேக்கறதோட பேச்சு முடிஞ்சுடும்.

அப்பறம்தான் இந்த கேஸ் ஏஜென்சி. ஓனர் சார் வேலையா என்னமோ எழுதிக்கிட்டே, "கேஸு எதுவும் இருக்கா?"ன்னாரு. ஒரு தடவை சூடு பட்டவன் இல்லையா? கேஸ் ஏஜென்சியில கேஸுன்னா சிலிண்டர்தானேன்னு தெளிவா இருந்தேன். "என் பேருல இல்லீங்க சார். வீட்டுக்காரி பேருல ஒண்ணு இருக்கு"ன்னேன். அவரு பேனாவைக் கீழ வெச்சாரு. "வீட்டுக்காரி பேருலயா? எப்பலேர்ந்து?" "கல்யாணம் ஆன புதுசுலேர்ந்துங்க சார்." "அப்படி என்னப்பா பண்ணிச்சு அந்தப் பொண்ணு?" "சோறு, குழம்புதாங்க சார். மழை நாள்ல பஜ்ஜி."

ஓனர் சார் சிரிச்ச சிரிப்புல பக்கத்து ரூம்லேர்ந்து ஆளுங்க எட்டிப் பாத்தாங்க. சிரிச்சு முடிச்சதும் அவரு எந்தக் கேஸைக் கேட்டாருன்னு எனக்கு விளங்கிடுச்சு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஆயிடுச்சு, ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டேன். அவரு என் தோளை அளவெடுக்கற மாதிரி பாத்தாரு. அப்பறம் சொன்னாரு: "நெறஞ்ச சிலிண்டர் முப்பது கிலோ. மூணாவது மாடிக்கு லிப்ட் கிடையாது. ஏறுறவன் ஒருத்தனும் ஒரு மாசத்துக்கு மேல நிக்கறதில்ல, இதுல நான் ஜாதகம் வேற பாக்க முடியுமா?"

பாய் விசாரிச்ச கம்பெனி

ஒரு மாசம் என்னை லப்பைக்குடிக்காடு பக்கம் போட்டாங்க. அங்க ஒரு பெரிய பாய், இருபது வருஷம் சவுதியில இருந்துட்டு வந்தவரு. சிலிண்டரை மாட்டிட்டுத் தண்ணி கேட்டேன். குடும்பம் எங்கன்னு விசாரிச்சாரு. "ரெண்டரை வருஷம் நான் ஊர்ல இல்லீங்க பாய். இப்பதான் வூடு தேடறேன்"னேன். அந்த ஊர்ல ஒருத்தன் ஊர்ல இல்லன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான். பாய் முகம் மலர்ந்து போச்சு, நாற்காலியை எடுத்துப் போட்டாரு.

"ஒரு ரூம்ல எத்தனை பேரு தம்பி?" "பதினாலு பேருங்க." "சாப்பாடு கம்பெனியா?" "கம்பெனிதாங்க." "போன்?" "வாரத்துக்கு ஒருக்கா, வரிசையில நின்னு." "கையில இருக்கறதெல்லாம் வாங்கி வெச்சுக்குவானே?" "வாசல்லயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க பாய்." பாய் உச்சுக் கொட்டிட்டு, "நடுவுல விட்டுட்டு வர முடியாதுல்ல?"ன்னாரு. "நடுவுல வந்தா திரும்பப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க"ன்னேன். "கபீல் எப்படி?"ன்னாரு. கபீல்னா அங்க நம்மளைப் பொறுப்பெடுத்துக்கற முதலாளி. "கண்டிப்பானவரு பாய், ஆனா கை நீட்ட மாட்டாரு"ன்னேன். அதுக்கு மேல அந்த நல்ல மனுஷனை ஏமாத்த மனசு வரல. அது ரியாத் இல்ல, திருச்சின்னு சொல்லிட்டேன்.

பாய் கோவிச்சுக்கல. அவரு பின்கட்டு காலியாத்தான் கெடந்துச்சு, அதை ஒரு தடவை திரும்பிப் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு: "என்னோட கேம்ப்பை விட உன்னோடது பரவால்ல தம்பி, உன்னைத் தேதி சொல்லி விட்டிருக்கான். ஆனா பின்கட்டு என் மகன் பேருல இருக்கு, அவன் ஜித்தாவுல இருக்கான், அவன் எப்ப வருவான்னு அவன் கபீலுக்குத்தான் தெரியும்."

கவர்மென்டே குடுத்த நன்னடத்தை

ரிட்டயர்டு ஆபீசர் ஒருத்தர். வூடு அருமையா இருந்துச்சு, குழாய்ல தண்ணி, பக்கத்துலயே பள்ளிக்கூடம். யாழினி நடந்தே போயிடலாம். ஒரு அறையில அவ உக்காந்து படிக்கிற மாதிரியே எனக்குத் தெரிஞ்சுது. அந்த ஆபீசர் சொன்னாரு, "நான் வாய் வார்த்தையை நம்ப மாட்டேன். ஒரு நல்ல அதிகாரி கையெழுத்துப் போட்ட நன்னடத்தைச் சான்றிதழ் இருந்தா கொண்டாங்க."

இந்த ஒரு விஷயத்துலதான் என்னை யாரும் அடிச்சுக்க முடியாது. அந்தத் தெருவுலயே நன்னடத்தைக்குன்னு கவர்மென்ட் பேப்பர் வெச்சிருக்கிற ஆளு நான் ஒருத்தன்தான். ஏஜென்சி ஆளுங்களோட தங்கியிருந்த ரூமுக்கு ஓடிப் போய், பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா வெச்சிருந்த விடுதலைப் பேப்பரைக் கொண்டாந்து குடுத்தேன். நன்னடத்தையின் காரணமா முன்கூட்டியே விடப்படறாருன்னு சீல் குத்தி, சூப்பிரண்டு கையெழுத்தோட இருக்கு. அவரு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சு ரெண்டு தடவை படிச்சாரு. குறை சொல்லவும் முடியல, கேட்டது அவருதானே. பேப்பரை மடிச்சு என் கையில குடுத்துட்டுச் சொன்னாரு: "நன்னடத்தை இருக்கறது வாஸ்தவம்தான் தம்பி, ஆனா அது உள்ள இருந்தப்பதானே? வெளியில எப்படி இருப்பீங்கன்னு இதுல எங்கயும் போடலையே."

பாத்தா போதும்

மே மாசம் பாதி போயிடுச்சு. அரியலூரா இருந்தாலும் பரவால்ல, பஸ்ஸுல வந்துக்கலாம்னு அங்கயும் தேட ஆரம்பிச்சேன். புரோக்கர் ஒருத்தர் கூட்டிட்டுப் போன எடத்துல, வூட்டுக்காரர் என் கதையைக் கேட்டுட்டு, "உன்னை மாதிரி ஆளைத்தான்யா தேடிட்டிருக்கேன்"னாரு. என் காதையே என்னால நம்ப முடியல. வெளியில வந்ததுலேர்ந்து எவனும் என்னைப் பாத்து அப்படிச் சொன்னதில்ல.

விஷயம் என்னன்னா, மாடியில குடியிருக்கிறவங்க காலி பண்ண மாட்டேங்கறாங்களாம். நான் கீழ் போர்ஷன்ல இருந்துக்கிட்டு, காலையிலயும் சாயங்காலமும் படிக்கட்டுக்கிட்ட நின்னா போதுமாம். பேச வேணாம், முறைச்சுப் பாத்தா போதும். "எப்படி சார் பாக்கணும்?"னேன். "உள்ள இருந்தப்ப எப்படிப் பாத்தியோ, அப்படி"ன்னாரு. உள்ள நான் தோட்டத்துல கத்திரிச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருந்தேன், செடியைத்தான் பாத்தேன். ஆனா வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ஒத்துக்கிட்டேன். பள்ளிக்கூடம் தொறக்க மூணு வாரம்தான் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை போய் வெள்ளோட்டம் மாதிரி நின்னேன். பத்து நிமிஷம் ஆகல, மாடியிலேர்ந்து ஒரு அம்மா, "ஏங்க, கேஸ் வாடை வருதே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"ன்னு பயந்துகிட்டுக் கேட்டாங்க. கேஸ் வாடைன்னா எனக்குக் கால் நிக்காது. மேல ஓடி, ஜன்னலைத் தொறந்து, கிழிஞ்சு போன வாஷரைக் கழட்டி, பையில இருந்த புது வாஷரைப் போட்டு, சோப்புத் தண்ணி தடவிப் பாத்துட்டுத்தான் இறங்குனேன். காபியும் முறுக்கும் வேற குடுத்தாங்க. கீழ வூட்டுக்காரர் நின்னுக்கிட்டிருந்தாரு. அவரு சொன்னது: "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தவன்னு நம்பி நிக்க வெச்சேன், நீ என்னடான்னா அவங்க பத்து வருஷம் நிம்மதியா இருக்கறதுக்கு வழி பண்ணிட்டு வர்ற."

யாழினி போட்ட கணக்கு

அன்னிக்கு சாயங்காலம் யாழினி போன் பண்ணா. வூடு கிடைச்சுடுச்சான்னு கேக்கல, அவ அம்மா கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருப்பா போல. சுத்தி வளைச்சு, "ஒரு நாளைக்கு எத்தனை வூட்டுக்குப்பா போவீங்க?"ன்னா. "நாப்பது வூடு"ன்னேன், கொஞ்சம் பெருமையாவே. அப்பறம் கேட்டா: "நாப்பது வூட்டுல ஒண்ணு கூடவாப்பா நமக்கு இல்ல?"

சாவி இருக்கிற எடம்

எனக்குப் பெரம்பலூர்ல ஒன்பது வூட்டுச் சாவி எங்க இருக்குன்னு தெரியும். பூந்தொட்டிக்கு அடியில, மீட்டர் பெட்டிக்கு மேல, மழைக்கோட்டு பாக்கெட்டுல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வூடுங்க. "நீங்களே தொறந்து மாட்டிட்டுப் போயிடுங்க தம்பி"ன்னு போன்ல சொல்லிடுவாங்க. அடுப்படி மேடையில வளையலைக் கழட்டி வெச்சுட்டே போயிருப்பாங்க. நான் அதைப் பாக்காத மாதிரி சிலிண்டரை மட்டும் மாட்டிட்டுப் பூட்டிட்டு வருவேன்.

அதுல ஒரு டீச்சரம்மா வூட்டு மாடியில 'வாடகைக்கு' போர்டு தொங்குச்சு. இத்தனை நாள் இது கண்ணுல படலையேன்னு என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன். சனிக்கிழமையா பாத்து, அவங்க வூட்டுல இருக்கறப்பவே சிலிண்டரை மாட்டிட்டுக் கேட்டேன். அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம், "உங்களை விட நல்ல ஆளு யாரு கிடைப்பாங்க"ன்னாங்க. இவங்ககிட்ட மறைச்சா அது துரோகம்னு தோணுச்சு, சொன்னேன். அவங்க முகத்துல ரத்தமே இல்ல. என்னை ஏதோ இப்பதான் சுவரேறிக் குதிச்சு வந்தவன் மாதிரி பாத்தாங்க.

நெசத்தைச் சொல்றேன், அன்னிக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. உள்ள போயிட்டு வந்த பிறகு அவ்வளவு கோவம் வந்தது அன்னிக்குத்தான். ஆனா கோவம் என்னை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு எனக்குத் தெரியும். காலி சிலிண்டரைத் தோள்ல போட்டுக்கிட்டு கேட்டுகிட்ட வந்துட்டேன். பின்னாலயே வந்து டீச்சரம்மா சொன்னாங்க: "தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி, மாடியைக் குடுக்கறதுன்னா மனசுக்கு பயமா இருக்கு. சாவி அதே எடத்துலதான் இருக்கும், அடுத்த மாசமும் நீங்களே வந்து தொறந்து மாட்டிடுங்க."

தெரிஞ்சவன் நம்பர்

பள்ளிக்கூடம் தொறக்க அஞ்சு நாள். கலைச்செல்வி, "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன்"னு சொல்லிட்டா. அப்பதான் ஒரு மளிகைக் கடைக்காரர் கடைக்குப் பின்னாடி ரெண்டு ரூமு காலியா இருக்குன்னு கேள்விப்பட்டேன். எனக்கு அலுத்துப் போச்சு. போன உடனேயே, "ஐயா, அடிதடி கேஸுல உள்ள இருந்துட்டு வந்தவன் நான். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, வண்டியில லோடு நிக்குது"ன்னேன். அவரு புளியை எடை போட்டுக்கிட்டே, "உன்னைப் பத்தி நல்லபடியா சொல்றவன் நம்பர் வேணாம். உன்னைப் பத்தித் தெரிஞ்சவன் நம்பர் ஒண்ணு குடு"ன்னாரு. என்னைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவர் உலகத்துல ஒருத்தர்தான். சின்னதுரை அண்ணன், என் பெரியப்பா மகன். எங்க ரெண்டு பேரு முந்திரிக் கொல்லைக்கும் நடுவுல ரெண்டு மரம், அது யாரு மரம்னு வந்த சண்டையில நான் கை ஒடிச்சது அவரைத்தான். வேற வழி தெரியல, அவரு நம்பரையே குடுத்துட்டேன்.

கடைக்காரர் ஸ்பீக்கர்ல போட்டாரு. நான் பருப்பு மூட்டைக்குப் பக்கத்துல நின்னு கேட்டேன். "தங்கராசா? தெரியுங்க. என் வலது கையை ஒடிச்சவன்"னு ஆரம்பிச்சாரு அண்ணன். போச்சுடான்னு நான் கெளம்பத் திரும்பிட்டேன். "இப்பவும் மழை நாள்ல வலிக்குதுங்க. கோவக்காரன். ஆனா திருட மாட்டான், குடிக்க மாட்டான், பொய் சொல்ல வராது. கோர்ட்டுலயே நான்தான் அடிச்சேன்னுட்டான், அவன் வக்கீலே தலையில கை வெச்சுக்கிட்டாரு"ன்னாரு. "அப்ப வூடு குடுக்கலாங்கறீங்களா?"ன்னு கடைக்காரர் கேட்டாரு. "குடுங்கன்னு கெஞ்சிக் கேக்கறேங்க. உங்க ஊர்ல வூடு கிடைக்கலன்னா அவன் எங்க வருவான்? இங்கதான் வருவான். வந்தா மறுபடியும் அந்த ரெண்டு மரத்துக்கிட்டதான் வந்து நிப்பான். எனக்கு இருக்கறது இன்னும் ஒரு கைதாங்க."

கடைக்காரர் சாவியைக் குடுத்துட்டாரு. ஞாயித்துக்கிழமை ஜெயங்கொண்டம் பஸ்ஸுலேர்ந்து கலைச்செல்வியும் யாழினியும் ரெண்டு பையோட இறங்குனாங்க. யாழினி ரெண்டு ரூமையும் சுத்திப் பாத்துட்டு, ஜன்னலோரமா புத்தகத்தை அடுக்க ஆரம்பிச்சா. நான் வெளியில வந்து அழுதுட்டேன், மறைக்க என்ன இருக்கு. அழுது முடிச்சுட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, செஞ்ச தப்புக்கு மன்னிப்பும் செஞ்ச உதவிக்கு நன்றியும் சேத்து ஒரே மூச்சுல சொன்னேன். அவரு கேட்டுட்டுச் சொன்னாரு: "அதெல்லாம் இருக்கட்டும்டா. பொங்கல், தீபாவளிக்குன்னு ஊருக்கு வந்து அலையாத, அதான் வூடு இருக்குல்ல, பொண்டாட்டி புள்ளையோட அங்கயே நிம்மதியா இரு."

ஆக, உள்ள போயிட்டு வந்த சொந்தங்களே, அனுபவத்துல நான் சொல்றது இவ்வளவுதாங்க: நம்மளை நம்பி வூடு குடுக்க ஊர்ல ஒருத்தரும் இல்லாட்டிப் போகட்டும், நாம திரும்பி வந்துடுவோமோன்னு பயப்படறவரு ஒருத்தர் இருந்தா போதும், அவரே கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் குடுத்துடுவாரு.